தெர்மக்கோல் நாக்கு வேண்டாம்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த மாதம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. இனிப்பும் சுவையும் பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்கிறாள். தெர்மக்கோலில் பெரிய நாக்கு செய்து, நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பெயிண்ட் அடிக்கலாம் என்றேன். ‘அது எல்லாரும் செய்வதுதானே’ என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். தெர்மக்கோலும் வாங்கியாயிற்று. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் மகள் பக்கம்தான் நான். அந்த நாக்குப் படமே தவறு. 1901இல் ஜெர்மனியில் ஹேனிக் என்பவர் செய்த ஆய்வில், நாக்கின் இடத்துக்கு இடம் சுவை உணர்வு கொஞ்சம் கூடிக் குறைகிறது என்றுதான் இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதை ஆளுக்கொரு பேட்டையாகப் பிரித்துவிட்டார்கள். சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து நாக்கின் ஓரத்தில் வைத்துப் பாருங்கள், அங்கேயும் இனிக்கும்.

மாடலை விடுங்கள், ஒரு கேள்வியைப் பிடியுங்கள். ‘சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக இனிப்பு பிடிக்குமா?’ பிடிக்கும் என்றே பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் தெருவில் எப்படி என்பதை அவள் கண்டுபிடிக்கட்டும்.

ஐந்து ஜாடியில் அரை லிட்டர் அரை லிட்டராகத் தண்ணீர். எலுமிச்சம்பழங்களை ஒன்றாகப் பிழிந்து வடிகட்டி, ஜாடிக்கு 25 மில்லி சாறு. சர்க்கரை மட்டும் 20, 30, 40, 50, 60 கிராம். ஸ்பூன் கணக்கு வேண்டாம். குவித்து அள்ளினால் ஒன்று, வழித்து அள்ளினால் ஒன்று. தராசில்தான் நிறுக்க வேண்டும். ஐஸ் போடாதீர்கள், குளிர்ந்தால் இனிப்பு மந்தமாகிவிடும். உருகிய ஐஸ்கிரீம் ஏன் அப்படித் தித்திக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சர்க்கரையை மகளே நிறுக்கட்டும். ஜாடிகளுக்கு எண் ஒட்டும்போது மட்டும் அவளை வெளியே அனுப்பிவிடுங்கள். 1, 2, 3 என்று ஒட்டாமல் 417, 683 என்று கலைத்துப் போடுங்கள். எதில் எவ்வளவு என்ற சீட்டு உங்கள் இடுப்பில் இருக்கட்டும். அவளுக்குத் தெரிந்தால் கப்பை நீட்டும்போது முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு ஐந்து கப், கப்புக்கு 20 மில்லி, நடுவில் வாய் கொப்பளிக்கப் பச்சைத் தண்ணீர். கொடுக்கும் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஜாங்கிரி தின்ற வாயோடு காபி குடித்தால், சர்க்கரை போட மறந்துவிட்டார்களோ என்று தோன்றுமே, அதேதான் இங்கும் நடக்கும். 60 கிராம் ஜாடியை முதலில் குடித்தவருக்கு மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும். கேட்க வேண்டியது ‘எது பிடித்தது?’ என்று மட்டும். ‘எது அதிகம் இனிக்கிறது?’ என்பது வேறு கேள்வி, இரண்டையும் கலக்கக் கூடாது.

பத்து வயதுக்குக் கீழே பத்துப் பேர், முப்பது தாண்டியவர்கள் பத்துப் பேர் போதும். ஐந்து கப்பையும் குடித்தால் உள்ளே போவது சுமார் 8 கிராம் சர்க்கரை. ஆனாலும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம். வீட்டில் பாட்டிக்குச் சுகர் இருந்தால், நோட்டில் டிக் போடும் வேலையை அவரிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களும் 60 கிராம் ஜாடியையே கேட்டுவிட்டால் மகள் சோர்ந்துவிடலாம். எண்ணைத் திருத்த மட்டும் விடாதீர்கள், வந்தது வந்தபடி எழுதட்டும். எதிர்பார்த்தது ஏன் நடக்கவில்லை என்று அவள் ஒரு பக்கம் எழுதினால், நடுவராக நான் இருந்தால் அந்த மேஜையில்தான் அதிக நேரம் நிற்பேன்.

தெர்மக்கோல் வீணாகாது. ஜாடிக்கு எத்தனை ஓட்டு என்று பட்டைப் படம் வரைந்து ஒட்ட ஒரு பலகை வேண்டுமே.