வாங்குமுன் கேளுங்கள்: ஃபைனல் ஃபேன்டசி 7 – எந்தப் பதிப்பு, யாருடைய சொல்?

இம்மாதம் வந்த கடிதங்களுள் நான்கு ஒரே பொருளைப் பற்றியனவாக இருந்தமையால், குளிர்சாதனப் பெட்டி, தையல் இயந்திரம் பற்றிய வினாக்களை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் கல்முனையில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன், வயது 34. ஃபைனல் ஃபேன்டசி 7 என்னும் பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டை ஒரு தடவையாவது முழுமையாக விளையாடிப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. விளையாடியவர்களின் கருத்துகளைத் தேடி வாசித்தால், பாதிப்பேர் இதைப்போல் இன்னொன்று வரவே இல்லை என்கிறார்கள். மற்றப் பாதிப்பேர் பத்து மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்கிறார்கள். இதற்கிடையில் முகநூலில் ஒருவர் நான்கு இறுவட்டுகள் கொண்ட 'இன்டர்நேஷனல்' பதிப்பை 28,000 ரூபாய்க்குத் தருவதாகவும், பெயரே இன்டர்நேஷனல் என்பதால் உள்ளே ஆங்கிலம்தான் இருக்கும் என்றும் கூறுகிறார். வீட்டில் பாவித்த பிளேஸ்டேஷன் 2 ஒன்று இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது ஆங்கிலம் அல்ல, ஜப்பானிய மொழி.

ஸ்குவெயார் நிறுவனம் இந்த விளையாட்டை 1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் மூன்று இறுவட்டுகளாக வெளியிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் வட அமெரிக்காவிலும் நவம்பரில் ஐரோப்பாவிலும் ஆங்கிலப் பதிப்பு வந்தது. அதுவும் மூன்று இறுவட்டுகள்தான். வெளிநாட்டுப் பதிப்புக்கென்று சில எதிரிகளும் காட்சிகளும் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அவற்றை ஜப்பானில் விளையாடுவோருக்கும் கொடுப்பதற்காக ஒக்டோபரில் ஜப்பானில் மட்டும் வெளியான பதிப்புக்கே 'இன்டர்நேஷனல்' என்று பெயர். அதன் நான்காவது இறுவட்டு ஒரு வழிகாட்டித் தொகுப்பு. ஆகவே உங்கள் விற்பனையாளர் நான்கு இறுவட்டு என்று சொன்னதிலிருந்தே அது எந்த மொழி என்பது தெரிந்துவிடுகிறது. அவர் வேண்டுமென்றே பொய் சொல்கிறார் என்று நான் கருதவில்லை. அட்டையில் இருந்த சொல்லை அவரும் உங்களைப்போலவே விளங்கிக்கொண்டிருக்கலாம். இது சேகரிப்பவர்கள் அலுமாரியில் வைப்பதற்கு விரும்பும் பொருள். உரையாடலை வாசித்தே நகர வேண்டிய ஒரு கதையை விளங்காத மொழியில் 40 மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பதற்கு 28,000 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை.

ஆங்கில இறுவட்டே கிடைத்தாலும், இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2 பழைய இறுவட்டை ஓட்டும். ஆனால் ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று வலயப் பூட்டு இருப்பதால், பூட்டைத் திறக்கும் சிப் பொருத்தப்படாத கருவி தன் வலயத்து இறுவட்டை மட்டுமே ஏற்கும். மேலும், பழைய விளையாட்டுகள் பிளேஸ்டேஷன் 2 இன் மெமரி கார்டில் நேரடியாகச் சேமிக்க மாட்டா. பழைய, 15 சேமிப்புக் கட்டங்கள் கொண்ட கார்ட் ஒன்றைத் தனியாகத் தேட வேண்டும். ஐரோப்பியப் பதிப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. அது 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சிக்கென மாற்றப்பட்டபோது வேகம் சரிசெய்யப்படாமையால், மற்றப் பதிப்புகளைவிட மெதுவாக, மேலும் கீழும் கறுப்புப் பட்டைகளுடன் ஓடும்.

இனி, கருத்துகள் இரண்டாகப் பிரிந்து நிற்பது பற்றி. இருசாராரும் உண்மையையே சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் ஒரே பொருளைப் பற்றிச் சொல்லவில்லை. 1997 இலும் அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலும் விளையாடியவர், அதுவரை தட்டையான சிறு உருவங்களை மட்டுமே பார்த்திருந்தவர். முப்பரிமாண உருவங்களும், நடுநடுவே சினிமாப்போல வந்த காட்சிகளும், நொபுவோ உவெமட்சுவின் இசையும் சேர்ந்து வந்தபோது அவர் அடைந்த வியப்பு இன்று எவருக்கும் கிடைக்காது. முதல் இறுவட்டின் இறுதியில் நிகழும் மரணத்தை முன்னறிவிப்பு எதுவுமின்றிச் சந்தித்தவரும் அவர்தான். (யாருடைய மரணம் என்று நான் எழுதப்போவதில்லை, நீங்கள் இதற்குள் எங்கேயாவது வாசித்திருந்தால் அது உங்கள் துரதிர்ஷ்டம்.) பத்து மணித்தியாலத்தில் கைவிட்டவரோ பெரும்பாலும் அண்மையில் தொடங்கியவர். கை என்ற இடத்தில் ஒரு கட்டியைக் கொண்ட உருவங்கள், நாலு அடி வைப்பதற்குள் எங்கிருந்தோ வந்து விழும் சண்டைகள், தவிர்க்க முடியாமல் நீண்டு ஓடும், உதவிக்கு உருவங்களை அழைக்கும் மந்திரக் காட்சிகள் ஆகியவற்றை அவர் குறையாகச் சொல்கிறார். அவை குறைகளே. பின்னணி முழுவதும் வரைந்துவைத்த படமாக இருப்பதால், எது வழி, எது சுவர் என்று தெரியாமல் நிற்க நேர்வதும் உண்டு. செலெக்ட் பொத்தானை அழுத்தினால் நாயகனின் தலைக்கு மேல் ஒரு கைவிரலும் வாயில்களில் சிறு முக்கோணங்களும் தோன்றும் என்பது தெரியாமலேயே பலர் கைவிட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஒரு கருத்தை வாசிக்கும்போது, எழுதியவர் எந்த ஆண்டில், எந்தக் கருவியில் விளையாடினார் என்பதை முதலில் பாருங்கள். "இசை மட்டம்" என்று எழுதியவர் பெரும்பாலும் 1998 இல் வந்த கணினிப் பதிப்பை விளையாடியவராக இருப்பார். அதில் இசை அன்றைய கணினிகளின் ஒலி அட்டையை நம்பி ஒலித்தமையால், பிளேஸ்டேஷனில் கேட்ட கனம் அதற்கு இருக்கவில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் இதை விளையாடியது மட்டக்களப்பு நகரில், மணித்தியாலத்துக்குக் காசு வாங்கிய ஒரு கடையில். அந்தக் கடையின் கருவி பழைய மாதிரி. லேசர் தேய்ந்துபோய்க் காட்சிகள் விக்கி விக்கி ஓடும் என்பதால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், அப்படி வைத்தால் ஓரளவு ஓடும். கடைக்கு இருந்த ஒரே மெமரி கார்டில் எல்லாரும் சேமித்தோம். அடுத்த கிழமை போனால் என் கட்டத்தின் மீது யாரோ கால்பந்துப் போட்டியைச் சேமித்திருப்பார்கள். மூன்று தடவை தொடக்கத்திலிருந்து தொடங்கினேன். மிட்கார் நகரத்து உலையில் குண்டை வைத்துவிட்டுப் பத்து நிமிடத்துக்குள் வெளியேற வேண்டிய அந்த முதற்கட்டம் எனக்கு இன்றும் கண்ணை மூடினால் தெரியும். இரண்டாவது இறுவட்டை நான் பார்த்தது பல ஆண்டுகளின் பின்னர்தான். என் மதிப்பீட்டில் மிட்கார் பகுதி சிறப்பு, அதற்குப் பின் முதல் இறுவட்டின் நடுப்பகுதி சற்றுத் தொய்வு, நாயகன் கிளவுட் தன் நினைவுகளில் எது உண்மை என்று பிரித்தறியும் இரண்டாவது இறுவட்டின் பகுதியே முழு விளையாட்டின் உயிர். பத்து மணித்தியாலத்தில் விட்டவர்களுக்காக நான் வருந்துவது அதனால்தான்.

உங்களுக்கு ஏற்றது தரவிறக்கிப் பெறும் மறுவெளியீடு. கணினி, பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ ஸ்விட்ச், எக்ஸ்பொக்ஸ் வன் ஆகியவற்றுக்கும் கைத்தொலைபேசிக்கும் அது இருக்கிறது. நீங்கள் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் பதிப்புகளில் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டவும், வழியில் வரும் சண்டைகளை நிறுத்திவைக்கவும் வசதி உண்டு. பாடசாலை விட்டு வந்து இரவில் ஒரு மணித்தியாலம் கிடைக்கும் ஒருவருக்கு அந்த வேகம் பெரிய உதவி. பணம் செலுத்துமுன் உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கல்லடியில் வசிக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் நகரிலுள்ள ஒரு கடையில் பிளேஸ்டேஷன் 4 இற்கான ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் வாங்கினேன். "முழுக்கதையும் இதிலே இருக்குது" என்று கடைக்காரர் சொன்னார். விளையாடி முடித்தபோது கதை நகரத்தை விட்டு வெளியேறும் இடத்திலேயே நின்றுவிட்டது. நான் ஏமாற்றப்பட்டேனா? காசைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: 2020 ஏப்ரலில் வந்த ரீமேக் பழைய விளையாட்டின் மறுபதிப்பு அல்ல, புதிதாகச் செய்யப்பட்ட வேறொரு விளையாட்டு; அது மூல விளையாட்டின் மிட்கார் பகுதியை மட்டும் விரித்து எடுத்தது. மூலத்தில் ஐந்தாறு மணித்தியாலத்தில் கடந்துபோகும் இடம், இதில் முப்பது மணித்தியாலத்துக்கு மேல் நீள்கிறது. கதையிலும் மாற்றங்கள் உண்டு. மூலத்தை நேசித்தவர்களிடையே இன்னும் ஓயாத வாக்குவாதம் இந்த மாற்றங்களைப் பற்றியதே. இரண்டாம் பகுதியான ரீபேர்த் 2024 பெப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இற்கும், 2025 ஜனவரியில் கணினிக்கும் வந்தது. பிளேஸ்டேஷன் 4 இற்கு அது வரவில்லை. எனவே உங்கள் இழப்பு, நீங்கள் நினைத்ததைவிடச் சற்றுப் பெரியது: கதையைத் தொடர வேண்டுமானால் கருவியையே மாற்ற வேண்டும்.

கடைக்காரரின் சொல் தவறானது என்பதில் ஐயமில்லை. முதலில் பற்றுச்சீட்டுடன் கடைக்கே சென்று, அமைதியாக, அவர் சொன்ன வாசகத்தை அப்படியே நினைவூட்டுங்கள். நீங்கள் முழுவதையும் விளையாடி முடித்துவிட்டீர்கள் என்பது அவர் பக்கத்து நியாயமாக வரும். அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். முழுத்தொகைக்குப் பதிலாக, வேறொரு விளையாட்டுடன் மாற்றிக்கொள்ளவோ ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளவோ கேட்பது நடக்கக்கூடியது. அவர் அசையாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், வியாபாரி பொருளைப் பற்றித் தவறான தகவல் கொடுப்பதைத் தடுக்கிறது. முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் போய்ச்சேர வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மீதியிருக்கிறது. தகவலுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பற்றுச்சீட்டு வாங்காமல் வந்திருந்தீர்களானால், வாய்ச்சொல்லை நிறுவுவது மிகக் கடினம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மாமா ஒருவர் இந்த விளையாட்டைக் கைத்தொலைபேசியில் போட்டுத் தருவதாகவும், வாசிக்க நிறைய இருப்பதால் பிள்ளையின் ஆங்கிலம் வளரும் என்றும் சொல்கிறார். போடலாமா?

பதில்: அமெரிக்க மதிப்பீட்டில் இது 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. இரத்தம் சிந்தும் காட்சிகள் ஓரிரண்டும், கெட்ட வார்த்தைகளும், பெண்களைத் தெரிவுசெய்து அழைக்கும் ஒரு செல்வந்தனின் மாளிகையும் இருக்கின்றன. எனக்கு ஒரு பிள்ளை இருந்து பன்னிரண்டு வயதானால், பக்கத்தில் இருந்து விளையாட விடுவேன், தனியே விடமாட்டேன்.

ஆங்கிலத்தைப் பற்றி மாமா சொன்னது பாதி சரி. வாசிக்க உண்மையிலேயே நிறைய இருக்கிறது. ஆனால் இந்த மொழிபெயர்ப்பு, அவசரத்தில் செய்யப்பட்டது என்பதற்காகவே பேர்போனது. 1997 பிளேஸ்டேஷன் பதிப்பில் நோயாளி ஒருவரைக் காட்டி ஒரு பாத்திரம் "திஸ் கை ஆர் சிக்" என்று சொல்லும். பிள்ளை பரீட்சையில் அப்படி எழுதினால் புள்ளி போய்விடும். அதைவிடக் கொடுமை, முதலாவது பெரிய எதிரியான தேள் இயந்திரத்திடம் நிகழ்வது. வால் உயர்ந்திருக்கும்போது தாக்கினால் அது லேசரால் திருப்பி அடிக்கும் என்று எச்சரிக்க வேண்டிய இடத்தில், "வால் உயர்ந்திருக்கும்போது தாக்கு" என்பதுபோல ஆங்கிலம் அமைந்துவிட்டது. சொன்னபடி செய்து நானும் அடிவாங்கியிருக்கிறேன்.

கைத்தொலைபேசிப் பதிப்பைப் பொறுத்தவரை, திரையிலேயே பொத்தான்கள் இருப்பதால் விரல் காட்சியை மறைக்கும். இடமும் இரண்டு ஜிபி அளவில் வேண்டும். மாமா "போட்டுத் தருகிறேன்" என்று சொல்வது காசு கொடுத்து வாங்கிய பிரதியா, எங்கிருந்தோ எடுத்த கோப்பா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதாக இருந்தால், உங்கள் வங்கிச் செயலி இருக்கும் தொலைபேசியில் அதை ஏற்ற விடவேண்டாம்.

கேள்வி: சம்மாந்துறையில், ஜப்பானிலிருந்து வந்த பழைய சாமான்களிடையே ஒரு பிளேஸ்டேஷன் கிடைத்தது. ஃபைனல் ஃபேன்டசி இறுவட்டும் உள்ளேயே இருக்கிறது. வயர் மட்டும் இல்லை. வீட்டு ரேடியோவின் வயர் சரியாகப் பொருந்துகிறது. செருகலாமா?

பதில்: செருக வேண்டாம். வயர் பொருந்தும், மின்சாரம் பொருந்தாது. ஜப்பானியக் கருவி 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டுச் சுவரில் வருவது 230. செருகினால் உள்ளேயிருக்கும் மின்வழங்கிப் பலகை கருகிவிடும். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் சிட்டையில் 100 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 230 ஐ 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் ஒன்றை வாங்கிய பின்னரே இயக்குங்கள். கடையில் பெரும்பாலும் 110 வோல்ட்டுக்கானதை எடுத்து நீட்டுவார்கள், 100 என்று கேட்டு வாங்குங்கள். இறுவட்டை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்: கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் அசல், வெள்ளியாக இருந்தால் பிரதி. கறுப்பாக இருந்தால் எனக்கு மீண்டும் எழுதுங்கள். முதலாம் கடிதத்துக்காரருக்கு ஜப்பானியம் தெரியாவிட்டாலும், அதைத் தேடும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.