படிவத்தில் குறை எழுதலாமா?

கேள்வி: மிஸ், என் மகன் 31 கிழமையில் பிறந்தான். நிறை 1 கிலோ 400 கிராம். ஓர் அரச ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான், நன்றாகப் பால் குடிக்கிறான். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது 'எங்கள் சேவையில் திருப்தியா?' என்று ஒரு படிவம் தந்து, கிளினிக்குக்கு வரும்போது கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் 'மிகத் திருப்தி'க்குப் புள்ளடி போடு, பிள்ளையைக் காப்பாற்றித் தந்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்கிறார் கணவர். ஆனால் மெஷின் கத்தும்போதெல்லாம் ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கணவரையும் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வைத்தார்கள். இதையெல்லாம் எழுதலாமா?
– ஒரு தாய், மூதூர்

பதில்: தாராளமாக எழுதுங்கள், மகள். பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் எல்லாத் தாய்மாரும் 'மிகத் திருப்தி' என்றுதான் போடுவார்கள். அதைப் பார்த்து வார்ட்டில் எதையும் திருத்த முடியாது. இலவச ஆஸ்பத்திரிதானே என்றும் தயங்க வேண்டாம். நீங்கள் சீனிக்கும் பருப்புக்கும் கட்டுகிற வரியும் அதற்குள் இருக்கிறது.

முதலில் அந்தச் சத்தத்தைச் சொல்கிறேன். பிள்ளையின் பாதத்தில் சிவப்பு வெளிச்சம் எரிகிற பட்டி ஒன்று சுற்றியிருந்திருக்கும். இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று பார்ப்பது அதுதான். பிள்ளை காலை உதைத்தால் பட்டி அசையும், மெஷின் கத்தும். சில வேளை உண்மையான காரணமும் இருக்கும். மாதம் நிறையாத பிள்ளைகள் இடையிடையே மூச்சை மறந்துவிடுவார்கள். அதனால் தாதியர் நாங்கள் ஓடிப்போய் முதலில் பார்ப்பது மெஷினை அல்ல, பிள்ளையின் நிறத்தையும் நெஞ்சு ஏறி இறங்குவதையும்தான். உள்ளங்காலில் மெல்லத் தட்டினால் அநேகமாக மூச்சு திரும்பிவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாவிட்டால் தாய்க்கு இரவு முழுக்க நித்திரை இல்லை. வார்ட்டில் ஆள் பற்றாக்குறைதான், மொழிப் பிரச்சினையும் உண்டு, நானும் அதற்குள்தான் வேலை செய்தேன். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

நெதர்லாந்தில் தாதியர் ஆய்வாளர் லத்தூரின் குழு இப்படியான பெற்றோருக்கென்றே ஒரு கேள்விக்கொத்தை 2012இல் வெளியிட்டது. அதில் 57 கேள்விகள். சிகிச்சையைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் நிறுத்தவில்லை. தகவல் சொன்னார்களா, பெற்றோரையும் பராமரிப்பில் சேர்த்தார்களா, எப்படி நடந்துகொண்டார்கள் என்றும் கேட்டார்கள். உங்கள் இரண்டு குறையும் அதற்குள் அடங்கும்.

அடுத்தது தகப்பன். மூதூருக்கு லோஞ்ச்தான் கதி என்று இருந்த காலத்தில், கடைசி லோஞ்சைப் பிடிக்கத் தகப்பன்மார் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்குபடிக்கு ஓடுவார்கள். இப்போது பாலங்கள் வந்துவிட்டன, கண்ணாடி மட்டும் அப்படியே நிற்கிறது! கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கிய கங்காரு முறையில், பிள்ளையை நெஞ்சோடு தோலில் தோல் படக் கட்டிக்கொள்வார்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கு இதை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. தாய் களைத்தால் தகப்பனும் செய்யலாம். கையைக் கழுவி, சேர்ட் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார ஒரு கதிரை வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கதிரையைப் படிவத்தில் கட்டாயம் கேளுங்கள்.

'கவனிப்பு போதாது' என்று மொட்டையாக எழுத வேண்டாம். எந்த வேளை, என்ன நடந்தது, என்ன செய்திருக்கலாம் என்று எழுதுங்கள். நல்லதையும் அப்படியே எழுதுங்கள். குழாயால் பால் கொடுக்கும்போது சிரிஞ்சை உங்கள் கையில் தந்து, பால் மெல்ல இறங்கும்வரை பக்கத்தில் நின்ற மிஸ் யாராவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். பெயர் தேவையில்லை.

படிவம் இருக்கட்டும், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த டயக்னோசிஸ் காட்டை எடுத்துப் பாருங்கள். இந்த நிறையில் பிறந்த பிள்ளைக்கு, பிறந்து நாலு கிழமை அளவில் கண்ணின் விழித்திரையைப் பார்க்க வேண்டும். திகதி போட்டிருக்காவிட்டால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே போய்க் கேளுங்கள்.