அல்காரிதம் பாடத்தில் அரியர் வைத்தவனின் பதில்

"கணினி அறிவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் அல்காரிதம் பாடம். சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு கடினமா? நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் தகுதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அல்காரிதம், அதாவது ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் முறைகளைப் பற்றிய இந்தப் பாடத்தில் நான் அரியர் வைத்தவன். 2017-இல் சேர்ந்தேன். 2019 ஏப்ரல்-மே தேர்வில் மற்ற எல்லாவற்றிலும் தேறி, இதில் மட்டும் தோற்றேன். அதே ஆண்டு நவம்பர்-டிசம்பரில் மறுபடி எழுதி வாங்கினேன். ஆக, இந்தப் பாடத்தை இரண்டு முறை இரண்டு விதமாகப் படித்த அனுபவம் எனக்கு உண்டு. முதல் முறையிலேயே பாஸ் ஆனவர்களுக்கு இந்த பாக்கியம் கிடையாது.

முதல் முறை எப்படிப் படித்தேன் என்றால், மற்ற பாடங்களைப் படித்த மாதிரியே. தேர்வில் 2 மதிப்பெண் கேள்விகள் 10, 13 மதிப்பெண் கேள்விகள் 5, கடைசியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. சீனியர் அண்ணன் ஒருவரிடம் இருந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்தோம். எது வரும், எது வராது என்று அவரே ஓரத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தார். நாப்சாக் (பைக்குள் அதிக மதிப்புள்ள பொருட்களை அடைக்கும் கணக்கு) இரண்டு நட்சத்திரம், டைக்ஸ்ட்ரா (குறைந்த தூரம் காணும் முறை) மூன்று, ராணிகளை ஒன்றையொன்று வெட்டாமல் சதுரங்கப் பலகையில் வைக்கும் கணக்கு மூன்று. நான்கு ராணிக்கு விடை, வரிசைக்கு ஒரு கட்டமாக, 2, 4, 1, 3 என்று போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்தேன். ஏன் 2-இல் ஆரம்பிக்கிறது, 1-இல் ஆரம்பித்தால் எங்கே முட்டுகிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. எழுதுகிற படிகள் சரியாக இருந்தால் மதிப்பெண் வரும் என்பதுதான் அதுவரை நான் கண்ட உலகம்.

முதல் அடி வகுப்புத் தேர்விலேயே விழுந்தது. மேடம் மூன்றே புள்ளிகள் வைத்து ஒரு கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வழிகளும்) கொடுத்தார்: ஏ-யிலிருந்து பி-க்கு 2, ஏ-யிலிருந்து சி-க்கு 3, சி-யிலிருந்து பி-க்கு -2. "டைக்ஸ்ட்ரா முறையில் தூரம் காண்க, கிடைத்த விடை சரியா என்று சொல்க." மூன்று புள்ளிதானே என்று ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டு, பி-க்குக் குறைந்த தூரம் 2 என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் இழுத்தேன். உண்மையில் சி வழியாகப் போனால் 3-இல் 2 போக 1. ஒன்றாம் வகுப்புக் கழித்தல். விடைத்தாளில் மேடம் சிவப்பு மையில் "மைனஸ் கண்ணில் படவில்லையா?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

கண்ணில் பட்டது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. டைக்ஸ்ட்ரா முறை ஒரு புள்ளியை "முடிந்தது" என்று மூடிவிட்டால் மறுபடி திறக்காது. சுற்றிப் போனால் தூரம் கூடுமே தவிரக் குறையாது என்ற நம்பிக்கையில்தான் அப்படி மூடுகிறது. மைனஸ் வந்தால் அந்த நம்பிக்கை பொய்த்துப் போகும். இந்த இரண்டு வரிகள் தெரிந்திருந்தால் அட்டவணையே தேவைப்பட்டிருக்காது. எனக்கு அட்டவணை தெரிந்திருந்தது, இந்த இரண்டு வரிகள் தெரிந்திருக்கவில்லை. சரி, அப்போதாவது திருந்தினேனா என்றால் அதுவும் இல்லை. மைனஸ் வந்தால் பெல்மேன்-ஃபோர்டு என்ற வேறு முறை என்று அதையும் ஒரு வரியாக மனப்பாடத்தில் சேர்த்துக்கொண்டேன். செமஸ்டர் தேர்வில் என்ன நடந்தது என்று விவரிக்கத் தேவையில்லை.

ரிசல்ட் வந்த சமயம் நான் ஊரில் இருந்தேன், சங்கரன்கோவில் பக்கம். வீட்டில் யாரும் திட்டவில்லை. தாத்தாவின் பெட்டிக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள், அதுவே தண்டனை. கல்லாவில் உட்கார்ந்தபடி கிரீடி முறையைப் பற்றிய பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சில்லறை கொடுப்பதுதான் அதற்கு எல்லாப் புத்தகங்களும் தரும் உதாரணம். இருப்பதிலேயே பெரிய காசை முதலில் எடு, மீதிக்கு அடுத்த பெரிய காசை எடு, இப்படியே போனால் குறைந்த எண்ணிக்கையில் காசு கொடுக்கலாம். ஆனால் எல்லா நாணய வரிசைக்கும் இது பொருந்தாது என்று ஒரு எச்சரிக்கையும் கூடவே இருக்கும். 1, 3, 4 என்று மூன்று காசுகள் மட்டும் இருந்தால் 6-க்கு 4, 1, 1 என்று மூன்று காசு போகும். 3, 3 என்று இரண்டே போதும்.

எந்த ஊரில் 3, 4 காசு இருந்தது, வெறும் புத்தகக் கணக்கு என்று நினைத்தேன். அப்புறம் தாத்தாவின் டப்பாவில் கிடந்த பழைய காசுகள் ஞாபகம் வந்தன. அவர் காலத்தில் நாலணாவும் (25 பைசா) இருந்தது, அறுகோண வடிவில் அலுமினிய 20 பைசாவும் இருந்தது. சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"தாத்தா, அந்தக் காலத்துல நாப்பது பைசா சில்லறை எப்படிக் குடுப்பிய?"

"ரெண்டு இருவது பைசா. இதுல என்னல கணக்கு இருக்கு?"

"பெரிய காசுன்னா நாலணால்லா? அதுல ஆரம்பிக்க மாட்டியளா?"

"நாலணா, பத்து, அஞ்சுன்னு மூணு காசு தேடணும். ரெண்டு இருவதத் தூக்கிப் போட்டா சோலி முடிஞ்சுது. இதுக்குத்தான் காலேசுக்கு அனுப்புனானா ஒங்கப்பன்?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிரீடி முறை தோற்கும் இடம் என் வீட்டுத் தகர டப்பாவிலேயே இருந்திருக்கிறது. இப்போது புழங்கும் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களில் பெரிய காசை முதலில் எடுத்தால் எப்போதும் சரியாக வரும். 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போன 25 பைசாவும் அதற்குப் பக்கத்திலேயே இருந்த 20 பைசாவும் சேர்ந்தால் வராது. வித்தியாசம் காசுகளில் இருக்கிறது, முறை ஒன்றுதான். அன்று மதியம் உட்கார்ந்து 1 பைசா முதல் 50 பைசா வரை ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை காசு போதும் என்று ஒரு பழைய பற்று நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். 40-க்கு வேண்டுமென்றால், அதிலிருந்து 1, 2, 5, 10, 20, 25 காசை ஒவ்வொன்றாகக் கழித்தால் வரும் 39, 38, 35, 30, 20, 15 இவற்றின் விடைகளைப் பார்த்து, அவற்றில் சின்னதோடு ஒன்று கூட்டு. பாதி நோட்டு நிரம்பிய பிறகுதான் உறைத்தது, நான் எழுதிக்கொண்டிருப்பதற்குப் பெயர் டைனமிக் புரோகிராமிங். மூன்றாவது யூனிட்டில் எனக்கு ஒன்றுமே புரியாமல் போன அதே சமாச்சாரம்.

இரண்டாவது முறை படித்தது இப்படித்தான். ஒரு முறையைப் பார்த்தவுடன் "இது எங்கே உடையும்?" என்று கேட்பேன். உடைக்க முடிந்தால் ஒரு நோட்டில் எழுதுவேன். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதப் பார்ப்பேன். நிரூபணம் என்று வகுப்பில் சொன்னது இதைத்தான் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

ஓர் உதாரணம் தருகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இந்த இடத்தில்தான் தலை சுற்றும். ஊரில் ஒரே ஒரு சமுதாயக் கூடம். ஒரே நாளில் பல பேர் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நேரம். அதிகம் பேருக்குக் கூடத்தைக் கொடுக்க வேண்டும். யாரை முதலில் தேர்ந்தெடுப்பது? முதலில் ஆரம்பிப்பவரையா? காலை 6 மணிக்கு ஆரம்பித்து இரவு 10 வரை நடத்துகிற ஒருவர் போதும், எல்லாம் பாழ். குறைந்த நேரம் கேட்பவரையா? 6 முதல் 11 வரை ஒரு காதுகுத்து, பத்தரை முதல் 12 வரை ஒரு கூட்டம், பதினொன்றரை முதல் 5 வரை ஒரு வளைகாப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக இருக்கிறதே என்று கூட்டத்தை எடுத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும், மொத்தம் ஒருவருக்குத்தான் கூடம் கிடைக்கும். சீக்கிரம் முடிப்பவரை எடுங்கள்: காதுகுத்து, பிறகு வளைகாப்பு, இரண்டு பேர். இதை உடைக்க இரண்டு நாள் முயன்றேன், முடியவில்லை. காரணம் எளிது. நீங்கள் எந்தச் சிறந்த பட்டியலைக் கொண்டு வந்தாலும், அதில் முதல் ஆளை நீக்கிவிட்டு எல்லாரிலும் சீக்கிரம் முடிப்பவரை அந்த இடத்தில் வைக்கலாம். அவர் முன்னாலேயே கிளம்பிவிடுவதால் பின்னால் வருபவர் யாருக்கும் இடிக்காது. எண்ணிக்கையும் குறையாது. மிச்சம் இருப்பவர்களுக்கும் இதையே திருப்பிச் செய்யுங்கள். அவ்வளவுதான் நிரூபணம். குறியீடுகள் போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதினால் பயமாக இருக்கும், கூடத்துக் காவலாளியிடம் சொன்னால் தலையாட்டுவார்.

வீடியோவில் படிப்பதாக இருந்தால், சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்திய அல்காரிதம் வகுப்புகளைப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், ஆனால் நிதானமாகப் பேசுவார். "இது ஏன் சரி" என்ற கேள்வியை விடவே மாட்டார். நான்கு பேர் சேர்ந்து எழுதிய "Introduction to Algorithms" என்ற அந்தத் தலையணை சைஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்து, நூறாவது பக்கத்துக்கு முன்பே அதைத் தலையணையாகவே பயன்படுத்தினேன்.

பிக் ஓ, அதாவது உள்ளீடு கூடினால் வேலை எவ்வளவு வேகமாகக் கூடும் என்று சொல்லும் கணக்கு, அதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அதை லேபில்தான் கற்றுக்கொள்ள முடியும். ஒரு லட்சம் எண்களை வரிசைப்படுத்த பபிள் சார்ட் என்ற எளிய முறையில் கொடுத்தேன். எங்கள் லேப் கணினி அரை நிமிடம் போலத் திணறியது. அப்படியானால் பத்து லட்சத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மடங்கு எண்கள் என்றால் நூறு மடங்கு வேலை, ஐம்பது நிமிடம். லேப் நேரமே முடிந்துபோனது. மெர்ஜ் சார்ட் என்ற வேறொரு வரிசைப்படுத்தும் முறை அதே பத்து லட்சத்தை ஒரு நொடிக்குள் முடித்தது. அதேபோல ஃபிபனாச்சி வரிசையின் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது) 50-ஆவது எண்ணை வெறும் ரிக்கர்ஷனில் எழுதிப் பாருங்கள். அந்த ஃபங்ஷன் 4,000 கோடி முறைக்கு மேல் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும். விடைகளை எழுதி வைத்துக்கொண்டே போனால் ஐம்பது கூட்டலுக்குள் முடிந்துவிடும்.

எல்லாமே கடினம் என்று பயப்படுபவர்களுக்கும், எல்லாமே எளிது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச் இந்தப் பாடத்திலேயே சுலபமானது இல்லையா? ஜாவா மொழியின் நூலகத்திலேயே இருந்த பைனரி சர்ச்சில் ஒரு பிழை இருந்ததை, அதை எழுதிய ஜோஷுவா ப்ளாக்கே 2006-இல் வெளிப்படையாகச் சொன்னார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கிறோமே, அந்தக் கூட்டல்தான் பிழை. பட்டியல் 107 கோடியைத் தாண்டினால் கூட்டுத்தொகை அளவு மீறி மைனஸாகிவிடும். ஒன்பது ஆண்டு போல யாரும் கவனிக்கவில்லை. மறுபடியும் மைனஸ். இதைப் படித்த அன்று எனக்கு மேடத்தின் சிவப்பு மை ஞாபகம் வந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

கடைசி ஆண்டு புராஜெக்டுக்குத் தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்று எழுதினேன். இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை எழுத்து மாற்றினால், சேர்த்தால், நீக்கினால் ஒன்று மற்றொன்றாகும் என்று எண்ணுகிற கணக்கு அது, அதுவும் டைனமிக் புரோகிராமிங்தான். நிரல் ஓடியது, விடை மட்டும் விநோதமாக வந்தது. "பழம்" என்பதை "பள்ளம்" ஆக்க நம் கணக்கில் இரண்டு மாற்றம்: ழ-வை ள-வாக்கு, ள் ஒன்று சேர். நிரல் 3 என்றது. கணினிக்கு "ள்" ஒரே எழுத்து கிடையாது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ள தனி, புள்ளி தனி. அட்டவணை சரி, சூத்திரம் சரி, நான் எதை "எழுத்து" என்று எண்ணுகிறேன் என்பதுதான் தப்பு. மெய்யெழுத்தையும் உயிர்மெய்யையும் முதலில் ஒன்றாகக் கட்டிவிட்டு எண்ணியதும் 2 வந்தது. பழைய நான் என்றால் அந்த 3-ஐ அப்படியே ரிப்போர்ட்டில் ஏற்றி, கீழே இரட்டைக் கோடு போட்டிருப்பேன்.

என் தங்கையின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகத்தில் அல்காரிதத்துக்கு "நெறிமுறை" என்று போட்டிருக்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் ஏதோ ஒழுக்க வகுப்பு மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்கிறாள்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக: ஆமாம், கடினம்தான். வாரம் ஒரு முறையையாவது உடைத்துப் பார்க்க நேரம் ஒதுக்கினால் தேர்வுக்கு முந்தைய இரவு தூங்கலாம். ஜெராக்ஸ் நோட்டையும் தூக்கிப் போட வேண்டாம், 2 மதிப்பெண் கேள்விகளுக்கு அது உதவும். ரிக்கர்ஷனில் ஓடும் முறைகளுக்கு எவ்வளவு வேலை என்று சொல்லும் மாஸ்டர் தியரத்தின் மூன்று நிலைகளை மட்டும் நான் இரண்டாவது முறையும் மனப்பாடம்தான் செய்தேன். இன்றைக்கும் யாராவது கேட்டால் கூகுளில்தான் தேடுவேன்.