4,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள், பஸ் ஏறுவது வேறு கதை

கேள்வி: விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு என் தம்பிக்கு ஒன்றரை வருடமாகச் சக்கர நாற்காலிதான். வியாசர்பாடியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் 4,000 ரூபாய் கொடுத்தால் மாற்றுத்திறனாளி கார்டும் பஸ் பாஸும் பத்தே நாளில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? தாழ்தளப் பேருந்தில் அவனால் ஏற முடியுமா சார்?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அந்த ஆள் செய்யப்போவது என்னவென்று சொல்கிறேன். தம்பியின் ஆதார், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் வாங்கிக்கொண்டு போய், கட்டணமே இல்லாத யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) விண்ணப்பத்தை அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நிரப்புவார், அவ்வளவுதான். டாக்டர்கள் தம்பியை நேரில் பார்த்துக் குறைபாடு எத்தனை சதவீதம் என்று போட்டாக வேண்டும், அதை எந்தப் புரோக்கராலும் தாண்ட முடியாது. பார்க்காமலேயே கார்டு வந்தால் அது போலிக் கார்டு, நாளைக்கு மாட்டிக்கொள்வது தம்பிதான். இதைவிட மோசம், விண்ணப்பத்தில் உங்கள் நம்பருக்குப் பதில் அவருடைய செல்போன் நம்பரைப் போட்டுவிடுவார். அப்புறம் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட அவர் பின்னால் அலைய வேண்டும். இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எரிச்சல்.

நீங்களே விண்ணப்பிக்கலாம், தெரியவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். தாமதமாகும், உண்மைதான். ஏற்கெனவே நொந்து கிடக்கும் குடும்பத்தை ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை அலையவிடுவதில் நம் ஆட்களுக்கு என்ன கிடைக்கிறதோ! புரோக்கருக்குப் பிழைப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள்: சதவீதம் 40-க்குக் குறையாமல் இருக்கிறதா, நிரந்தரமா தற்காலிகமா. தற்காலிகம் என்றால் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

சரி, பஸ் பாஸ். சென்னை மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டி என்றால் தம்பிக்குப் பாஸே தேவையில்லை. 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வரும் உதவியாளர் ஒருவருக்கும் இலவசம், அட்டையைக் காட்டினால் போதும். ஆனால் உதவியாளர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கண்டக்டரோடு சண்டை வருவதே இதில்தான். அந்த இலவசம் தம்பியோடு போகும்போது மட்டும்தான். காலையில் அவரைக் கிண்டியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருபவர் அந்த நேரத்தில் உதவியாளர் இல்லை, சாதாரணப் பயணி. நீங்கள் திரும்பினால் பெண் என்பதால் டிக்கெட் வேண்டாம். அதே வேலையை அப்பா செய்தால் டிக்கெட் எடுத்தே ஆக வேண்டும், சாயங்காலம் கூட்டிவரத் தனியாகப் போகும்போதும் அப்படித்தான். தம்பியின் கார்டை அப்பா பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காட்டினால் செல்லாது, செக்கிங்கில் பிடித்தால் அபராதம், அசிங்கம் இரண்டும். இன்னொன்று, தாழ்தளப் பேருந்து என்பதாலேயே அது இலவசம் ஆகிவிடாது. சாதாரணக் கட்டணமா என்று ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஏறுவது. முடியும், பஸ் ஒழுங்காக நின்றால். கணக்கு ரொம்ப எளிது: பழைய பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 90 செ.மீ., தாழ்தளப் பேருந்தில் 40 செ.மீ. நடைமேடை 15 செ.மீ. இருந்து, பஸ் அதை ஒட்டி நின்றால் சாய்தளம் (நாற்காலி ஏற வாசலில் விரிக்கும் சாய்வுப் பலகை) ஏற வேண்டியது 25 செ.மீ.தான், டிரைவர் பட்டனை அமுக்கி அந்தப் பக்கம் வண்டியைத் தாழ்த்தினால் இன்னும் குறையும். ஆனால் ஆட்டோவும் இளநீர் வண்டியும் நிற்கிறதென்று பஸ் நடுரோட்டில் நின்றால், அதே சாய்தளத்தை ரோட்டில் இறக்க வேண்டும். அப்போது அது ஏணி மாதிரி நிற்கும், பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினாலும் கஷ்டம். கோடிக்கணக்கில் பஸ் வாங்கிவிட்டு நிறுத்தத்தை இப்படி விட்டால் என்ன பிரயோஜனம்? நான் போன மாதம் பார்த்த ஒரு நிறுத்தத்தில் பைக் ஏறாமலிருக்க நடைபாதையில் கல்தூண் நட்டிருந்தார்கள். பைக் ஜம்மென்று போகிறது, சக்கர நாற்காலி மட்டும் உள்ளே போகவில்லை!

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவே போக்குவரத்துக்காகத்தான். அதை டிரைவரிடம் ஒப்பிக்காதீர்கள், அவரும் நேரத்துக்கு ஓட்ட வேண்டிய மனிதர். சாய்தளம் போட மறுத்தால் வண்டி எண், தடம், நேரம், நிறுத்தம் நான்கையும் குறித்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்புகார் காற்றோடு போய்விடும்.

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டமில்லாத நேரத்தில் ஒத்திகை போய்ப் பாருங்கள். முடிந்தால் வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுங்கள், அங்கே ஹாரன் அடித்து அவசரப்படுத்த ஆள் இருக்காது. உள்ளே போனதும் சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, பெல்ட் மாட்டிய பிறகுதான் விசில் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் யாராவது மூட்டையோடு நின்றால் தயங்காமல் நகரச் சொல்லுங்கள்.