நோட்டைப் பாருங்க, குதிகாலைப் பாருங்க

சகோதரி, பக்கவாதத்துல படுத்திருக்கிற அப்பாவுக்குக் கோவையில ஒரு முதியோர் இல்லம் பார்த்தேன், சுத்தமாத்தான் இருக்கு, ஆனா மனசு ஒப்பலைன்னு எழுதியிருக்கீங்க. பினாயில் வாசனையை நம்பாதீங்க. சொல்லாம ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்குப் போங்க, எத்தனை பேருக்கு ஒரு ஆள்னு அப்பத்தான் தெரியும்.

தானா புரள முடியாதவருக்கு முதல் பயம் படுக்கைப் புண். பொதுவா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைக்கணும். அதை எழுதுற நோட்டைக் கேளுங்க. பகல், ராத்திரி எல்லாமே ஒரே கையெழுத்துன்னா மொத்தமா உட்கார்ந்து எழுதினதுதான். என் அம்மா இருந்த இடத்துல நோட்டு பளிச்சுன்னு இருந்துச்சு. இடுப்புக்குக் கீழ புண். சேர்த்த பிறகும் போறப்பல்லாம் குதிகால், வால் எலும்புப் பக்கம் தொட்டுப் பாருங்க. நம்ம நிறத்துக்குச் சிவப்பு சட்டுனு தெரியாது. தோல் கருத்து, சூடா, கெட்டியா இருந்தா அதுதான் ஆரம்பம்.

சாப்பாட்டு நேரத்துலயும் ஒருதடவை நில்லுங்க. பக்கவாதம் வந்தவங்களைப் படுக்க வச்சே ஊட்டினா புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். அப்படி ஊட்டுற இடம்னா வேற பாருங்க.

பதிவுச் சான்றிதழையும் கேட்டுடுங்க. ஏதாவது தப்பா பட்டா முதியோர் உதவி எண் 14567.