ரிஸ்க் மேனேஜ்மென்ட் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

சார், உங்கள் மகள் இன்டர்வியூவில் திணறியது சர்டிபிகேட் இல்லாததால் இல்லை. "உங்க ப்ராஜெக்ட்ல என்ன ரிஸ்க் இருந்தது, அதுக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள், அவர் "ரிஸ்க் எதுவும் இல்ல சார், எல்லாம் நல்லா ஓடுச்சு" என்றிருக்கிறார். எதிரில் இருந்தவர் நடுராத்திரி போன் வந்து எழுந்து சர்வர் பார்த்த ஆளாக இருந்தால் அந்தப் பதிலை நம்பியிருக்க மாட்டார், அவ்வளவுதான் நடந்தது. இதற்காக பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கான சர்டிபிகேட்) கோர்ஸில் சேர்க்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். அந்தத் தேர்வு வேலையில் ஊறியவர்களுக்கானது, நான்கு வருடப் பட்டம் இருந்தாலும் ப்ராஜெக்ட்டை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதம் கேட்பார்கள். ஃபைனல் இயர் மாணவிக்கு அது எதற்கு? அதைச் சொல்லாமல் அட்வான்ஸ் வாங்கப் பார்க்கிற சென்டர் பக்கமே போகாதீர்கள்.

இதைவிட, புரோகிராமர்கள் தங்கள் கோடை ஆன்லைனில் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்த விபத்தை மகளை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். நடந்ததை அவர்களே விவரமாக வெளியிட்டிருக்கிறார்கள். 2017 ஜனவரி 31, இரவு நேரம். முதன்மை சர்வரின் நகலாக ஓடும் இரண்டாவது டேட்டாபேஸ் சர்வர் அதோடு ஒத்துப்போகாமல் பின்தங்கிவிட்டது, அதைச் சரிசெய்ய உட்கார்ந்த என்ஜினீயர் இரண்டாவதில் அழிக்க வேண்டிய ஃபோல்டரை முதன்மை சர்வரிலேயே அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்தியும் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் ஓடியது போஸ்ட்கிரெஸ் என்ற சாஃப்ட்வேரின் 9.6 பதிப்பில், அதை நகல் எடுக்கும் புரோகிராம் ஓடியது 9.2 பதிப்பில், அதனால் தினமும் எடுக்க வேண்டிய பேக்கப் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மெயில்களையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது, அதே என்ஜினீயர் வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல். இடைப்பட்ட ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், "டேட்டா போய்விடலாம்" என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, "பேக்கப் எடுப்போம்" என்ற பதிலும் இருந்தது. அந்த பேக்கப்பிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. என்ன தவறு நடக்கலாம், அதற்கு என்ன செய்வோம் என்று எழுதும் பாடப் புத்தகத்து ரிஸ்க் டேபிளில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்: யார் பொறுப்பு, கடைசியாக என்றைக்குச் சோதித்தார்கள்.

மகளின் ப்ராஜெக்ட் ஹாஸ்டல் மெஸ் கணக்குக்கான ஆப், நான்கு பேர் டீம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருக்கும் ரிஸ்க்குகளை ஒரு எக்ஸெல் ஷீட்டில் ஐந்தாறு வரி எழுதினால் போதும். முதல் வரியை நானே சொல்கிறேன்: ஆப்பின் புரோகிராம் கோட் முழுக்க ஒரே பையனின் லேப்டாப்பில் இருக்கிறது. "கிட்ஹப்பில் போட்டுட்டோம்" என்பார்கள், அதுவும் கோடை ஆன்லைனில் சேமிக்கும் தளம்தான். நல்லது, இப்போது டீமில் வேறொருவர் புது லேப்டாப்பில் அதை இறக்கி ஓட்டிப் பார்க்கட்டும். அநேகமாக முதல் தடவை ஓடாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் ஃபைல் அந்தப் பையனிடம் மட்டும் இருக்கும், இல்லையென்றால் ஏதாவது லைப்ரரி வேறு பதிப்பாக இருக்கும். எங்கே நின்றது, என்ன சேர்த்தபின் ஓடியது, என்ன தேதி என்று அந்த வரியிலேயே எழுதிவைத்தால் இன்டர்வியூவில் ஐந்து நிமிடம் தைரியமாகப் பேசலாம்.

அப்புறம் டெமோ நாள். சில இலவச சர்வர்கள் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும், முதல் க்ளிக்குக்கு எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் முன்னால் திரை சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் முன்பே திறந்து வைப்பதும், ஒரு வீடியோ பதிவைக் கையில் வைத்திருப்பதும் கூட ரிஸ்க் மேனேஜ்மென்ட்தான், சிரிக்க வேண்டாம். தவிர்ப்பது, குறைப்பது, கைமாற்றுவது, ஏற்றுக்கொள்வது என்று புத்தகத்தில் நான்கு வழி இருக்கும், வைவாவுக்கு மனப்பாடம் செய்துகொள்ளட்டும். என்னைக் கேட்டால் அதில் நான்காவதை நன்றாகச் சொல்லத் தெரிந்த மாணவர் குறைவு. "ஒரே நேரத்தில் 500 பேர் வந்தால் தாங்குமா என்று பார்க்கவில்லை, எங்கள் ஹாஸ்டலில் இருப்பதே 200 பேர்" என்று தெளிவாகச் சொன்னால் யோசித்துத்தான் அதை விட்டுவைத்திருக்கிறார் என்று கேட்பவருக்குப் புரியும்.

ஒன்று மட்டும், செய்யாததைச் செய்ததாக ஷீட்டில் நிரப்ப வேண்டாம். "எப்போ டெஸ்ட் பண்ணீங்க, என்ன எரர் வந்துச்சு?" என்று அடுத்த கேள்வி வந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை விஷயம். புதிதாகப் படித்து வருகிறவரை ரிஸ்க் மேனேஜர் என்று யாரும் எடுப்பதில்லை. இந்தப் புத்தி உடனே விலைபோகிற இடம் டெஸ்டிங், டெவ்ஆப்ஸ் (சாஃப்ட்வேரை சர்வரில் ஏற்றி ஓடவைத்துப் பார்த்துக்கொள்வது), ரிலீஸ் வேலைகள். படிக்கத்தான் வேண்டும் என்றால் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் வகுப்புகளில் சாஃப்ட்வேர் என்ஜினீயரிங் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், பரீட்சை எழுதுவதற்குத்தான் கட்டணம். அடுத்த இன்டர்வியூவுக்கு முன்னால் அந்த ஷீட்டை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் திருத்தி அழகுபடுத்தாமல், அவர் எழுதியது எழுதியபடியே.