நம்பிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. பி.ஏ. முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு இரண்டு முறை எழுதினேன். போன தடவை 9 மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போனது. கணக்குப் பகுதியை இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் குத்துமதிப்பாகத்தான் ஷேட் செய்தேன். வீட்டில் "போதும், கல்யாணத்தைப் பார்க்கலாம்" என்கிறார்கள். புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. நம்பிக்கை வந்ததும் தொடங்கலாம் என்று இருக்கிறேன். அது எப்படி வரும்?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு,

இரண்டு தடவை தட்டிப்போனால் மனம் சோரத்தான் செய்யும். அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் நம்பிக்கை வந்த பிறகு படிப்பது என்று வைத்துக்கொண்டால் அது வரவே வராது. படிக்க உட்கார்ந்தால்தான் வரும்.

உங்கள் 9 மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வோம். 200 கேள்விக்கு 300 மதிப்பெண், அதாவது கேள்விக்கு ஒன்றரை. உங்களுக்குக் குறைவாகப் போனது ஆறே ஆறு கேள்விதான்! கணக்கும் திறனறிவும் சேர்ந்து 25 கேள்வி. அதைத்தான் இரண்டு தடவையும் குத்துமதிப்பாக விட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்ற மலைப்புதான் உங்களை முடக்குகிறது. உண்மையில் இப்போது கை வைக்க வேண்டியது இந்த ஒரு மூலையில்தான்.

நம்பிக்கையைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் சார்லஸ் ஸ்னைடர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். 'எனக்கு முடியும்' என்ற உறுதி மட்டும் போதாது, போக வழியும் தெரிய வேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் நம்பிக்கை என்றார். உங்களிடம் ஆசைக்குக் குறைவில்லை. வழிதான் மங்கலாக இருந்திருக்கிறது.

கடை விட்டு வந்து சாப்பிட்டதும், தட்டைக் கழுவி வைத்த கையோடு அரை மணி நேரம் கணக்கு மட்டும் போடுங்கள். நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். இன்ன வேலை முடிந்ததும் இது என்று முடிச்சுப் போட்டுவிட்டால் மனம் சாக்குச் சொல்லாது. ஆறாம் வகுப்புப் பாடநூலில் ஆரம்பியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சதவீதம், விகிதம், தனிவட்டி, அப்புறம் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.). சதவீதம் உங்களுக்குப் புதிதே இல்லை. பில்லில் தள்ளுபடி போகக் கம்ப்யூட்டர் காட்டும் தொகையை அதற்கு முன்னாலேயே மனதில் போட்டுப் பாருங்கள். தப்பான கணக்கைத் தனி நோட்டில் எழுதி, மூன்று நாள் கழித்து விடையைப் பார்க்காமல் மறுபடி போடுங்கள். அன்று சரியாக வந்தது என்றால், யார் சொல்லும் ஆறுதலையும்விட அது உங்களுக்குத் தெம்பு தரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு இது. எவ்வளவு உழைத்தாலும் உத்தரவாதம் கிடையாது. அதனால் கடை வேலையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் பட்டதாரி என்பதால் குரூப் 2-வுக்கும் விண்ணப்பிக்கலாம். அதன் முதல்நிலைத் தேர்வில் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் இந்தத் திறனறிவுப் பகுதி அங்கேயும் உண்டு.

வீட்டில் வாதாட வேண்டாம். "இன்னும் ஒரு தேர்வு எழுதிக்கொள்கிறேன், அதன்பிறகு உட்கார்ந்து பேசுவோம்" என்று அம்மாவிடம் தெளிவாகக் கேளுங்கள். காலக்கெடு இல்லாததுதான் அவர்களுக்கும் கவலை.

ஒரு மாதம் கழித்து, அந்தத் தப்பு நோட்டில் எந்தத் தலைப்பு அதிகம் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்து எதை எடுக்கலாம் என்று அதை வைத்துப் பேசுவோம்.